தரிசு என்று எழுதப்பட்ட மேடு

கேள்வி: காரைக்குடியைச் சுற்றி வீடுகளும் சாலைகளும் பெருகும்போது, கிராவலையும் ஜல்லியையும் உள்ளூரில் எடுக்காமல் வேறெங்கிருந்து கொண்டுவர முடியும்? விளையாத தரிசில் குவாரி வைப்பதைக்கூட எதிர்ப்பது சரியா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: எடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நம் ஊருணிகளின் படித்துறைகளில் இருக்கும் செம்புறாங்கல்லும் பூமியிலிருந்து வெட்டியதுதான். நான் மறுப்பது 'விளையாத தரிசு' என்ற உங்கள் சொல்லை.

செட்டிநாட்டுக் கண்மாய்களில் பெரும்பாலானவை மழையை மட்டுமே நம்பியவை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழை, கணக்கில் தரிசு என்று எழுதப்பட்ட செம்மண் மேட்டிலிருந்து வழிந்து, வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வந்து, அது நிறைந்தபின் கலுங்கு தாண்டி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது. அந்த மேட்டில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் கிராவல் அள்ளிவிட்டால் மழைத்தண்ணீர் முதலில் குழியில் நின்றுவிடும். கீழே வயல்காரர் மடையைத் திறந்தால் சேறுதான் இருக்கும். மேட்டில் நெல் விளையவில்லை என்பது உண்மை, ஆனால் கீழே விளையும் நெல்லுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது.

தவறு மறுபக்கத்திலும் நடக்கிறது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. அது தேவையான விதி. ஆனால் இன்னும் பல ஆண்டுகளுக்குக் கல் தரக்கூடிய பாறையை ஒட்டியே மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்துவிட்டு, பிறகு ஜல்லிக்காக இதுவரை யாரும் தொடாத இன்னொரு குன்றை உடைக்கப் போவது திட்டமிடல் ஆகாது. கல் எங்கே, தண்ணீர் வரும் வழி எங்கே, வீடு எங்கே என்ற மூன்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்காமல், புல எண் புல எண்ணாக அனுமதி கொடுப்பதுதான் இந்த இரண்டு கேட்டுக்கும் காரணம்.

அப்படிப் பார்ப்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கிராவல், கல் போன்ற சிறுகனிமங்களுக்கு 5 ஹெக்டேருக்குக் குறைவாகத் தரும் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொன்னது. மாவட்டத்தின் கனிமங்களோடு நிலப் பயன்பாட்டையும் மழையளவையும் பதிவு செய்யும் மாவட்ட ஆய்வறிக்கையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2016 அறிவிக்கை கட்டாயமாக்கியது. அதன் வரைவை 21 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அடுத்த வரைவு வரும்போது, உங்கள் ஊர் வரத்துக்கால்கள் ஓடும் புல எண்களை இப்போதே கிராம வரைபடத்தில் குறித்துவைத்து, அந்த 21 நாளுக்குள் ஆட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள்.