இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் இருந்தும் மலைவாழ் பிள்ளைகள் கல்லூரிக்கு வராதது ஏன்? ஆர்வம் இல்லையா?

கேள்வியில் "ஆர்வம் இல்லையா" என்ற சொல் மட்டும் இல்லாமலிருந்தால் கடை நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் ஏதோ கல்லூரியில் பாடம் நடத்துபவர் என்று நினைக்கிறேன். பழங்குடியினருக்கான எஸ்டி இடம் காலியாகக் கிடக்கிறது, பெயர் வந்த பிள்ளையைக் கூப்பிட்டால் போன் போகவில்லை, கடுப்பு வரத்தான் செய்யும். அந்தப் பிள்ளைக்கு மனு போட்டுக் கொடுத்த ஆள் என்ற முறையில் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

வேலூர் ஜில்லா ஒடுகத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், இரண்டு கம்ப்யூட்டரும் உண்டு. எங்கள் ஊருக்கு மேலே ஜவ்வாது மலை. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை என்று அணைக்கட்டு ஒன்றியத்து மலை ஊராட்சிகள் அங்கேதான் இருக்கின்றன. கொஞ்ச தூரத்துக்கு ரோடு வந்திருக்கிறது, உள்ளே இருக்கும் குக்கிராமங்களுக்கு இன்னும் நடைதான். வெள்ளிக்கிழமை இங்கே ஆட்டுச் சந்தை. மலை ஜனங்கள் ஆடு ஓட்டிக்கொண்டு, புளியோ சாமையோ தூக்கிக்கொண்டு இறங்குவது அன்றைக்கு. ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பதிலிருந்து காலேஜ் அப்ளிகேஷன் வரை எல்லாம் அந்த ஒரு நாளில். கடைசித் தேதி புதன்கிழமை என்று வந்தால் அவர்களைப் பொறுத்தவரை அது முந்தின வெள்ளிக்கிழமையே முடிந்துபோன விஷயம்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒருவர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். உண்டு உறைவிடப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பெண். கணக்கில் நல்ல மார்க். பி.எஸ்சி. கணிதம், அரசுக் கல்லூரி, வேறெதுவும் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னது. அப்பா மஞ்சப்பையிலிருந்து பேப்பர்களை எடுத்து வைத்தார். எல்லாம் இருந்தது, சாதிச் சான்றிதழ் மட்டும் இல்லை.

இவர்கள் மலையாளிப் பழங்குடி. கேரளக்காரர்கள் இல்லை, இந்த மலைக்காரர்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் இந்தச் சாதி எல்லா ஜில்லாவுக்கும் கிடையாது. தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று ஜில்லா பெயர் போட்டுத்தான் இருக்கிறது. ஈரோட்டுப் பர்கூர் மலையில் இருக்கும் இதே ஜனங்கள் பல வருஷமாகக் கேட்டும் அவர்களுக்கு எஸ்டி கிடையாது, அந்த ஜில்லா பட்டியலில் இல்லை. வட ஆற்காடு 1989இலேயே இரண்டாகப் பிரிந்தது, 2019இல் வேலூரும் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாயிற்று. பட்டியலில் மட்டும் பழைய ஜில்லா அப்படியே இருக்கிறது. அதனால் எங்கள் பக்கத்து மலை ஜனங்களுக்கு உரிமை இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. காகிதத்தில் நிரூபிப்பதுதான் பாடு.

பிசி, எம்பிசிக்குத் தாலுகா அளவிலேயே சான்றிதழ் முடிந்துவிடும். எஸ்டிக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார், அதற்கு மேல் விசாரணை. இந்த அப்பாவின் அஞ்சாம் வகுப்பு டிசியில் "இந்து, கவுண்டர்" என்று எழுதியிருந்தது. மலையில் எல்லோருக்கும் பெயருக்குப் பின்னால் கவுண்டர் உண்டு. அந்தக் காலத்து வாத்தியார் கூப்பிடுகிற பெயரையே எழுதி வைத்துவிட்டார். கீழே கவுண்டர் என்றால் வேறு சாதி, வேறு கோட்டா. ஓர் அலுவலகத்தில் இதைப் பார்த்ததும் மனுவைத் திருப்பிவிட்டார்கள். பங்காளி யாருக்காவது சான்றிதழ் இருந்தால் கொண்டு வா என்றார்கள். பங்காளி ஒருவரிடம் இருந்தது, ஆனால் அவர் அப்போது குடகில் காப்பித் தோட்டத்தில்.

உடனே யாராவது "இவன் அதிகாரிகளைத் திட்டுகிறான்" என்று கிளம்புவீர்கள். திட்டவில்லை. பொய்ச் சான்றிதழ் வாங்கி எஸ்டி வேலையில் உட்கார்ந்தவர்கள் இருந்ததால்தான் விசாரணையை இவ்வளவு இறுக்கினார்கள், அது எனக்கும் தெரியும். அந்த இறுக்கத்தில் மாட்டுவது பொய்க்காரன் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். பொய் சொல்லி வாங்குகிறவன் பேப்பரைப் பக்காவாக வைத்திருப்பான்.

அப்புறம் ஓடிபி. சான்றிதழுக்கு மனு போட ஒரு போன் நம்பர் வேண்டும். பெண்ணின் ஆதாரில் இருந்தது மேஸ்திரி நம்பர். தோட்ட வேலைக்கு ஆள் கூட்டிப்போகிறவர் அவர்தான் எப்போதோ குடும்பத்துக்கே ஆதார் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஓடிபி சிக்மகளூர் போய்விட்டது. போன் போட்டேன்.

"மேஸ்திரி, ஆறு நம்பர் ஒண்ணு வந்திருக்கும், படிங்க."

"நீ யாரு? இந்த நம்பரை யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் என்ன பதில் சொல்வது? பெண்ணின் அப்பா போனை வாங்கி, "யோவ், நான்தான்யா, பாப்பாவுக்குக் காலேஜுக்கு" என்று கத்தினார். மேஸ்திரி மனசு மாறிப் படித்தபோது ஓடிபி காலாவதி. மறுபடி அனுப்பு, மறுபடி கண்ணாடியைத் தேடு. பின்னால் வரிசையில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் உட்பட எல்லோரும் அந்த நம்பருக்காகக் காத்திருந்தோம்.

மனு ஏறியது. விசாரணை முடிவதற்குள் கல்லூரியில் தரவரிசை போட்டு, எஸ்டிக்கென்று தனியாகக் கூப்பிட்ட நாளும் வந்தது. எஸ்எம்எஸ் போனது அப்பா நம்பருக்கு, அவர் இருந்தது மேலே சிக்னல் இல்லாத காட்டில். தெரிந்து ஓடியபோது கவுன்டரில், "ஒரிஜினல் இல்லையா? அப்போ பொதுப் பிரிவுதான்" என்றார்களாம். பொதுப் பிரிவில் கணிதம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. கடைசிச் சுற்றில் சான்றிதழோடு போனபோது வரலாறு கிடைத்தது. கணக்கு கேட்ட பெண் வரலாறு படித்தது. நன்றாகவே படித்தது, அது வேறு. ஆனால் அந்த வருஷம் கணித வகுப்பில் எஸ்டி இடம் நிரம்பாமல் இருந்திருந்தால், "ஆர்வம் இல்லை" என்று யாரோ ஒருவர் எழுதியிருப்பார்.

எஸ்டிக்கு நம் மாநிலத்தில் 1% என்பதையும் நினைவில் வையுங்கள். 60 பேர் வகுப்பில் கணக்குப் போட்டால் ஓர் இடம்கூட முழுசாக வராது. ஏதோ அள்ளிக் கொடுத்து அவர்கள் உதறிவிட்ட மாதிரி பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். நான் எஸ்டி இல்லை, சொல்லிவிடுகிறேன். "உன் சாதிக்காக எழுதுகிறாய்" என்று ஒரு கோஷ்டி எப்போதும் ரெடியாக இருக்கும்.

7.5% இட ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல் மாதிரித் தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்தது, பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கேட்பது கலை அறிவியல் கல்லூரிதான். அவர்களிடம் நேரில் வேலை செய்வது 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டம், மாதம் ஆயிரம் ரூபாய். ஆயிரத்தில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து பாருங்கள். "அந்த ஆயிரம் வருமா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் பல அப்பாக்கள் பெண்ணைப் படிக்க அனுப்ப ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கும் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். மறுபடி மேஸ்திரி நம்பர்.

காமராஜர் முதலமைச்சரானதும் 1954இல் எங்கள் ஜில்லா குடியாத்தத்தில் நின்று ஜெயித்துத்தான் சட்டசபைக்குப் போனார். கல்வி பற்றி இங்கே மேடை ஏறும் யாரும் அதைச் சொல்லாமல் இறங்க மாட்டார்கள். சொல்லட்டும். பள்ளிக்கூடம் மலைக்கு ஏறிவிட்டது, சோறும் ஏறிவிட்டது. பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் காலேஜ் கேட்டுக்கும் நடுவில் இருக்கும் சில வாரங்களைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சு இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. வருஷா வருஷம் மே மாதம் "மாணவர்களிடம் கொள்ளையடிக்கும் நெட் சென்டர்கள்" என்று செய்தி போடுகிறார்கள். அடிக்கிறவன் இருக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சர்வர் படுத்துவிட்டால் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து ஏற்றுகிறவனும் நாங்கள்தான். டோனர் விலை, கரண்ட் பில் எல்லாம் யார் தருகிறார்கள்? எந்த ஆபீஸில் கேட்டாலும் "வெளியே நெட் சென்டர்ல போட்டுக்கோ" என்று அனுப்புகிறார்கள், அப்புறம் எங்களையே புரோக்கர் என்கிறார்கள். ஜவ்வாது மலை என்றாலே செம்மரம் வெட்டுகிறவர்கள்தானே என்று வேலூர் டவுன் ஆளே கேட்பதும் இதே ரகம். 2015இல் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகும் அந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் வாத்தியார் என்றால் செய்யக்கூடியது இரண்டு. சான்றிதழை ஒன்பதாம் வகுப்பிலேயே வாங்கி வைக்கச் சொல்லிப் பக்கத்து அரசுப் பள்ளி எச்.எம்.களிடம் பேசுங்கள், அப்போது விசாரணைக்கு மூன்று வருஷம் கையில் இருக்கும். அடுத்தது, எஸ்டி பட்டியலில் இருக்கும் பிள்ளைக்குப் போன் போகவில்லையென்றால் "வரவில்லை" என்று எழுதுவதற்கு முன்னால் அது படித்த பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். உறைவிடப் பள்ளி வாத்தியார்களுக்கு யார் எந்த ஊர், எந்த வழி, யாரிடம் சொன்னால் சேதி போகும் என்பது அத்துப்படி. நான் இப்போதெல்லாம் விண்ணப்பத்தில் மாற்று எண் கேட்கும் இடத்தில் எச்.எம். நம்பரைத்தான் போடுகிறேன். ஜூன் மாதம் முழுக்க அவர் என்னைத் திட்டுகிறார், போனை மட்டும் எடுத்துவிடுகிறார்.