எருக்கு ஏன் இவ்வளவு குறைவாகக் காய்க்கிறது?

வணக்கம். எங்கள் வீட்டை அடுத்த காலிமனையில் எருக்கு மண்டிக் கிடக்கிறது. எப்போது பார்த்தாலும் கொத்துக்கொத்தாகப் பூ. காய் மட்டும் செடிக்கு நாலைந்து தேறினால் பெரிது. மண்ணில் கோளாறா? வெள்ளெருக்கு வைத்தால் நன்றாகக் காய்க்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மண்ணைச் சந்தேகப்படாதீர்கள். கடற்கரை மணல், தண்டவாளத்து ஓரம், வறண்ட ஆற்றுப்படுகை என்று வெயில் தாராளமாக விழும் இடமெல்லாம் எருக்குக்குத் தோதான இடம்தான். ஆடு மாடுகளும் அதைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை.

விஷயம் பூவுக்குள் இருக்கிறது. எருக்கம்பூவில் மகரந்தம் தூளாக உதிராது. மெழுகு போன்ற சிறு பொதிகளாக இருக்கும். ஒரு பூவுக்கு ஐந்து ஜோடி. ஜோடிக்கு ஒரு கரும்பழுப்புக் கவ்வி. நன்றாக விரிந்த பூ ஒன்றை எடுங்கள். நடுவில் ஐந்து மடல்களோடு கிரீடம் மாதிரி நிற்கிறதல்லவா, அந்த மடல்களுக்கு இடையில் மெல்லிய பிளவுகள் தெரியும். ஒரு பிளவில் தையல் ஊசியின் நுனியை வைத்துக் கீழிருந்து மேலாக இழுங்கள். கடுகைவிடச் சிறிய கரும்புள்ளியும், அதில் தொங்கும் இரண்டு மஞ்சள் பொதிகளும் ஊசியோடு வெளியே வரும்.

இந்த ஊசி வேலையைச் செய்வது, மரச்சட்டத்தில் துளை போட்டுக் குடியிருக்குமே, அந்தக் கருவண்டு. (வண்டு என்கிறோம், உண்மையில் அது தேனீ இனம்.) தேன் குடிக்கும்போது கால் பிளவில் நழுவும்; இழுத்தால் கவ்வி மாட்டிக்கொண்டு வரும். அடுத்த பூவில் அதே பொதி இன்னொரு பிளவுக்குள் சரியாகச் செருகிக்கொள்ள வேண்டும். எறும்பு ஊர்ந்து போவதாலோ காற்றடிப்பதாலோ இது நடக்காது. பூக்களில் பெரும்பாலானவை சும்மா உதிர்வது இதனால்தான். ஆனால் ஒரு பொதி சரியாகச் செருகிவிட்டால் காய் முழுவதற்கும் போதும். உள்ளே பட்டுப்பஞ்சோடு நூற்றுக்கணக்கில் விதைகள் விளையும்.

வெள்ளெருக்கு பிள்ளையாருக்கு உகந்தது, சரி. செடியியலில் அது இதே இனத்தின் வெள்ளை நிற வகை. அதன் பூவும் இதே அமைப்புதான், ஆகவே மாற்றி வைத்துப் பலன் இருக்காது.

அப்புறம், பூப் பறிக்கும்போது வடியும் பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது. பெரிதாக வலிக்காமலே கருவிழி பாதிக்கப்பட்டுப் பார்வை மங்கும். பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிக் கண் மருத்துவரிடம் போங்கள்.

காய் வேண்டுமென்றால் மனை ஓரத்தில் காய்ந்த மரக்கட்டை ஏதாவது கிடக்கட்டும். கருவண்டுக்கு வீடு வேண்டுமே.