வாசகர் கேள்வி, கால்நடை மருத்துவர் பதில்: பாய்மரப் படகில் நாயும் பூனையும்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் மயாமியில் வசிக்கிறோம். 34 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, இரண்டு ஆண்டுகளாக பிஸ்கேன் விரிகுடாவுக்குள் ஓட்டிப் பழகியிருக்கிறோம். டிசம்பர் விடுமுறையில் பஹாமாஸின் பிமினித் தீவுக்குப் போய்வர என் கணவர் தேதி குறித்துவிட்டார். எங்கள் லாப்ரடார் நாயையும் பூனையையும் விட்டுச் செல்ல மனம் வரவில்லை. ஆனால் அலை சற்று எழும்பினாலே நாய் வாந்தி எடுக்கிறது. தூக்க மருந்து கொடுத்து அழைத்துச் செல்லலாமா? 2023இல் ஓர் ஆஸ்திரேலியரும் அவருடைய நாயும் பசிபிக் கடலில் மூன்று மாதம் தத்தளித்தும் பிழைத்தார்களே, ஒரு பகல் பயணத்துக்கு ஏன் இவ்வளவு பயம் என்கிறார் கணவர்.
– வாசகி, மயாமி

பதில்: அன்புச் சகோதரிக்கு, தூக்க மருந்து வேண்டாம். ஆடும் தளத்தில் நாய் நான்கு கால்களையும் அகட்டி ஊன்றி, ஒவ்வோர் அலைக்கும் உடலைச் சரிசெய்துகொண்டுதான் விழாமல் நிற்கிறது. மயக்கம் தரும் மருந்து அந்தத் திறனைக் கெடுப்பதோடு, உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் ஆற்றலையும் குறைத்துவிடும். நாய்களின் பயண வாந்தியைத் தடுப்பதற்கு மரோபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது. அதைப் புறப்படுவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாகக் கொடுக்க வேண்டும். அளவை உங்கள் மருத்துவர் எடையைப் பார்த்து எழுதித் தரட்டும். மனிதர்களுக்கான மாத்திரைகளை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் பூனையின் உயிரைப் பறித்துவிடக் கூடியது.

உங்கள் கணவர் சொல்வது டிம் ஷாடாக் என்பவரையும் பெல்லா என்ற நாயையும் பற்றியது. மெக்சிகோவின் லா பாஸிலிருந்து கிளம்பிய சில வாரங்களில், புயலில் அவருடைய படகின் மின்னணுக் கருவிகள் கெட்டுப்போயின. பச்சை மீனையும் மழைநீரையும் கொண்டு உயிரைப் பிடித்து வைத்திருந்த இருவரையும், சூரை மீன்பிடிக் கப்பல் ஒன்றைச் சேர்ந்த ஹெலிகாப்டர் தற்செயலாகக் கண்டது. அந்த ஹெலிகாப்டர் அவ்வழியே பறந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் கணவரை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மயாமியிலிருந்து பிமினி ஏறத்தாழ 50 கடல் மைல். உங்கள் படகுக்கு அது பத்து மணி நேரப் பயணம். இடையில் வடக்கு நோக்கி ஓடுகிற வளைகுடா நீரோட்டத்தைக் கடந்தாக வேண்டும். அதற்கு எதிராக வாடைக் காற்று வீசினால், அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு எழும்பும். கரையிலிருந்து பார்க்கும்போது அடிவானம் நேர்க்கோடாக இல்லாமல் மேடுபள்ளமாகத் தெரிந்தால், யானைகள் நடக்கின்றன என்று அந்தப் பகுதிப் படகோட்டிகள் சொல்வார்கள். யானைகள் தெரிகிற நாளில் யாரும் நங்கூரத்தைத் தூக்குவதில்லை. டிசம்பர் என்றால் சூறாவளிப் பருவம் நவம்பர் 30 உடன் முடிந்திருக்கும் என்பது ஆறுதல்தான். ஆனால் குளிர்காலத்தில் வடக்கேயிருந்து குளிர்காற்று அடுத்தடுத்து இறங்கும். அது வரும் முன் காற்று தெற்கு, மேற்கு எனச் சுழன்று வடக்குக்குத் திரும்பும். வாடை முற்றிலும் அடங்கி, கிழக்கிலோ தென்கிழக்கிலோ மெல்லிய காற்று நிலைக்கும் வரை, அதன் பிறகும் கடல் தணிய ஒரு நாள் வரை, காத்திருக்க வேண்டும். ஆகவே, சகோதரி, அந்தக் குறித்த தேதியை உங்கள் கணவர் கைவிட வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், விடுமுறை முடிகிறதே என்ற அவசரத்தில், காற்றில் வடக்கு இன்னும் மிச்சமிருக்கும்போதே பிமினியிலிருந்து கிளம்பினேன். ஒரு மணி நேரத்தில் என் நாய் கொட்டாவி விட்டு உதடுகளை நக்கத் தொடங்கியது. அது குமட்டலின் முதல் அறிகுறி. பிறகு படிக்கட்டின் அடியில் அதன் நகங்கள் கண்ணாடியிழைத் தரையைப் பறண்டும் சத்தம் நிற்கவே இல்லை. எச்சில் நூலாக ஒழுகிய முகத்தை என் முழங்காலில் அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தது. நாங்கள் பாதி வழியில் திரும்பிவிட்டோம். நான் தாங்கக்கூடிய காற்று எவ்வளவு என்று அதன் பின் நான் கணக்கிட்டதே இல்லை. நாய் தாங்கக்கூடிய காற்றுக்கு மட்டுமே பாய் விரிக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல அதற்கு வாய் இல்லை.

முதுகில் கைப்பிடி உள்ள உயிர்காப்பு உடையை நாய்க்கு இப்போதே அணிவித்துப் பழக்குங்கள். பாதுகாப்புக் கயிற்றை மார்புப் பட்டையில்தான் மாட்ட வேண்டும். கழுத்துப் பட்டையில் மாட்டினால், விளிம்பைத் தாண்டி விழும்போது அதுவே தூக்குக் கயிறாகும். கயிறு விளிம்பை எட்டாத அளவுக்குக் குட்டையாக இருக்கட்டும். பூனையின் கூண்டை, ஆட்டம் மிகக் குறைவாக இருக்கும் பாய்மரத்தின் அடிப்பகுதியில், தரையோடு கட்டிவிடுங்கள். நாய் சிறுநீர் கழிக்க ஒரு துண்டுச் செயற்கைப் புல்லை முதலில் வீட்டு முற்றத்தில் போட்டுப் பழக்கி, அதே துண்டைப் படகின் முன்தளத்துக்குக் கொண்டு செல்லுங்கள். கழுவினாலும் பழைய வாடை சிறிது இருக்கட்டும், அதுதான் நாய்க்கு அடையாளம். தாகத்தில் கடல்நீரைக் குடித்துவிடாமல் நல்ல தண்ணீரை அடிக்கடி காட்டுங்கள்.

பஹாமாஸுக்கு வளர்ப்புப் பிராணி அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்; வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றும் தேவை. அமெரிக்கா திரும்பும்போது, 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, நாய்க்கு மைக்ரோசிப்பும் இறக்குமதிப் படிவத்தின் ரசீதும் இருக்க வேண்டும். உங்கள் சொந்த நாய்தான் என்றாலும் இதில் விலக்கு இல்லை.

கேள்வி: நங்கூரமிட்டு உறங்கும் இரவில் பூனை தண்ணீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வது?
– வாசகர், சிட்னி

பதில்: பூனைக்கு நீந்தத் தெரியும், வழுவழுப்பான படகுச் சுவரில் ஏறத்தான் முடியாது. தடித்த சணல் மிதியடி ஒன்றையோ பழைய கம்பளத் துண்டையோ பின்புறத்தில் தண்ணீருக்குள் இரண்டடி மூழ்கும்படி தொங்கவிட்டு, மேல்முனையை இறுகக் கட்டுங்கள். நகம் பதிந்தால் ஏறிவிடும். பகலில், அமைதியான நீரில், நீங்களே தண்ணீரில் இறங்கி, பூனையை அந்தக் கம்பளத்தின் அருகே விட்டு இரண்டு மூன்று முறை ஏறவைத்துப் பாருங்கள்; இடம் அதற்குத் தெரிந்திருந்தால்தான் இருட்டிலும் தேடி வரும்.