சண்டை நின்றபின் வண்டி பார்த்தவர்கள்

அன்புள்ள ஐயா,

அரசு பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டாம் உலகப்போர் பற்றிய கட்டுரையில், சண்டை நின்ற பிறகுதான் ராணுவப் பணிமனைகளுக்குத் தலைக்கு மேல் வேலை வந்தது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பிடிபடவில்லை. குண்டு விழுவது நின்றால் வண்டி உடைவதும் குறையத்தானே வேண்டும்? தோற்ற நாட்டில் போய் உட்கார்ந்திருந்த சிப்பாய்க்கு அப்படி என்ன வேலை?

ஒரு வாசகர், திண்டுக்கல்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் டிப்போவை வைத்தே சொல்கிறேன். அனுபவசாலிகள் அத்தனை பேரும் சில மாதங்களுக்குள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள், பஸ்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன, காலையில் முதல் டிரிப் கிளம்பியே ஆகவேண்டும். ஜெர்மனியில் இருந்த அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளுக்கு 1945 கோடைக்குப் பிறகு வந்த நிலைமை இதுதான்.

அமெரிக்கர்கள் மதிப்பெண் போட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ராணுவத்தில் கழித்த மாதத்துக்கு 1, கடல் கடந்து கழித்த மாதத்துக்கு இன்னொரு 1, பதக்கத்துக்கு 5, குழந்தைக்கு 12. முதலில் 85 வேண்டியிருந்தது, அப்புறம் குறைத்துக்கொண்டே வந்தார்கள். வருடக்கணக்கில் லாரியைப் பிரித்துப் பூட்டிக் கைதேர்ந்தவனிடம்தான் மதிப்பெண் அதிகம், ஆகவே அவன்தான் முதலில் கப்பலேறினான். வண்டிகள் போரில் ஓடித் தேய்ந்தவை. ரயில் பாலங்கள் இடிந்து கிடந்ததால் ரோந்து, நிலக்கரி, உணவு, அகதிகள் என்று எல்லாச் சுமையும் அவற்றின் மேல்தான் விழுந்தது. மிச்சமிருந்த சிப்பாய்களுக்குப் பொறுமை போய், எங்களை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று 1946 ஜனவரியில் ஃபிராங்க்பர்ட்டில் ஊர்வலமே போனார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கை போதாத இடத்தில் தோற்றவர்களையே வேலைக்கு வைத்தார்கள். மியூனிக் அருகே பிஎம்டபிள்யூவின் ஆலாக் தொழிற்சாலையை அமெரிக்க ராணுவம் தன் வண்டிப் பணிமனையாக்கி 1955 வரை நடத்தியது.

ஆனால் என் மனதில் நிற்பது பிரிட்டிஷ் பகுதியில் இருந்த வுல்ஃப்ஸ்பர்க். ஹிட்லர் காலத்தில் கட்டிய ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலை அது. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான அயல்நாட்டவரைப் பிடித்துவந்து கட்டாய வேலை வாங்கிய இடம். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. குண்டுவீச்சில் கூரை பிய்ந்து கிடந்த அங்கே பிரிட்டிஷ் ராணுவத்தின் பழுதுபார்க்கும் படையான ரீமி ஒரு பணிமனை போட்டது. 1945 ஆகஸ்டில் மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் வந்தார், வயது 29, அதற்கு முன் பிரஸ்ஸல்ஸில் டாங்கி பழுதுபார்த்தவர். கிடந்த கார் ஒன்றுக்கு ராணுவப் பச்சை அடித்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார்கள். வண்டிப் பஞ்சத்தில் இருந்த ராணுவம் 20,000 கார்கள் கேட்டது. சரி, கேட்டுவிட்டார்கள், கார்புரேட்டருக்கு எங்கே போவது? அதைப் பிரித்துப் பார்த்து, உடம்பைத் தங்கள் வார்ப்படத்திலேயே வார்த்து, நுணுக்கமான சின்னச் சின்னப் பாகங்களைப் பிரவுன்ஷ்வைக்கில் கேமரா செய்த ஃபோக்ட்லாண்டரிடம் கொடுத்துச் செய்து வாங்கினார்கள். இதில் இருக்கும் சந்தோஷம் உங்களுக்குத்தான் முழுசாகப் புரியும்.

முதலில் ஜெர்மானியரோடு பேசுவதற்கே சிப்பாய்களுக்குத் தடை இருந்தது, 1945 ஜூலையில்தான் அது தளர்ந்தது. அப்படிப்பட்டவர்கள் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள், ஆனால் சாப்பாடு ஒன்றல்ல. சிப்பாய்க்கு ராணுவ ரேஷனும் கேன்டீனும் சிகரெட்டும் உண்டு, அந்த சிகரெட்தான் ஊரில் காசாகவே ஓடியது. தொழிலாளி உருளைக்கிழங்கு தேடி கிராமத்துக்குப் போனால் அன்றைக்கு வேலைக்கு வரமாட்டான். 1946 அக்டோபரில் பத்தாயிரமாவது காரைக் கொண்டாடினார்கள். அன்று தொழிலாளர்கள் ஒரு வாசகம் எழுதி வைத்தார்கள், ஜெர்மன் மொழியில் எதுகையோடு வருவது: பத்தாயிரம் வண்டி, வயிற்றில் ஒன்றுமில்லை, யாரால் இதைத் தாங்க முடியும்? அந்தக் குளிர்காலத்தில் நிலக்கரி இல்லாமல் தொழிற்சாலையையே சில வாரங்கள் மூட வேண்டி வந்தது.

ஸ்பேர் வராத நாட்களில் உங்கள் டிப்போவில் எதைக் கழற்றி எதில் மாட்டி வண்டியை வெளியே அனுப்பினீர்கள் என்று எழுதுங்கள். நிதானமாக, நீளமாகவே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்