டேலியில் ஓடும் விரல் எக்செல்லில் தடுமாறுவது ஏன்?

கேள்வி: ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். டேலி கணக்கு மென்பொருளில் பதிவு போடும்போது மவுஸைத் தொடவே மாட்டேன். எக்செல்லைத் திறந்தால் மட்டும் கை தானாக மவுஸுக்குப் போய்விடுகிறது. சென்ற ஆண்டு சேர்ந்த பெண் அதே வேலையை என்னைவிட மிக விரைவாக முடித்துவிடுகிறாள். 100 ஷார்ட்கட் கொண்ட பட்டியலை அச்சிட்டு மேசையில் ஒட்டிவைத்தும் ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. 46 வயதுக்கு மேல் இது வராதா?
– வாசகி, திருப்பூர்

பதில்: வயதின்மேல் பழியைப் போடாதீர்கள், சகோதரி. பணம் கொடுத்தால் எஃப்5, வந்தால் எஃப்6, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9 என்று விசைப்பலகையைப் பாராமலே அழுத்துகிறீர்கள். இவற்றை நீங்கள் எந்தப் பட்டியலைப் பார்த்தும் மனப்பாடம் செய்திருக்க மாட்டீர்கள். ஒரு நாளைக்கு நூறு முறை தேவைப்பட்டதால் ஒவ்வொன்றாக விரலில் ஏறியவை அவை. ஆகவே மேசையில் ஒட்டிய தாளை முதலில் கிழித்துவிடுங்கள். அந்த 100 விசைகளில் 80 உங்கள் வேலைக்கு ஒருபோதும் தேவைப்படாது.

உங்கள் தடுமாற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. டேலியில் நன்கு பழகிய விரலுக்கு எக்செல் ஓர் எதிரி ஊர். டேலியில் கன்ட்ரோல் + ஏ அழுத்தினால் பதிவு சேமிக்கப்படும். எக்செல்லில் அதே விசை அட்டவணை முழுவதையும் தேர்வு செய்துவிடும், அடுத்து டெலீட் விசையில் விரல் பட்டால் அத்தனையும் காலியாகிவிடும். டேலியில் தேதியை மாற்றும் எஃப்2, எக்செல்லில் கட்டத்துக்குள் நுழைந்து திருத்த உதவுகிறது. அங்கே ரொக்கத்துக்கும் வங்கிக்கும் இடையிலான கான்ட்ரா பதிவுக்கான எஃப்4, இங்கே ஃபார்முலா எழுதும்போது டாலர் குறியிட்டுக் கட்டத்தின் முகவரியை மாறாமல் பூட்டுகிறது. இப்படி ஒருமுறை சூடு கண்டபின் கை தயங்கி மவுஸை நாடுவது இயல்பே.

எனவே விசைகளிலிருந்து தொடங்காமல், உங்களை அதிகம் வதைக்கும் ஒரு வேலையிலிருந்து தொடங்குங்கள். மாதந்தோறும் 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின்படி உங்களுக்குரிய வரிவரவைக் காட்டும் அறிக்கை) வந்ததும் அதை இறக்கி, 20ஆம் தேதி 3பி எனும் மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்வதற்குள் உங்கள் கொள்முதல் பதிவோடு ஒப்பிடும் வேலை உங்கள் மேசையிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் சேர்த்து ஏ நெடுவரிசையில் வைத்து, பி நெடுவரிசையின் முதல் கட்டத்தில் ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடித் தரும் வி-லுக்அப் ஃபார்முலாவை எழுதியிருக்கிறீர்கள் என்று கொள்வோம். அதை 1,400 வரிகளுக்கும் கீழே கொண்டுபோக மவுஸால் இழுக்கும்போது, அது வேகமெடுத்து 3,000ஆம் வரிக்கு ஓடிவிட, திரும்ப மேலே இழுத்து வருவதில்தான் பொழுது போகிறது. அதற்குப் பதில் இடது அம்பை அழுத்தி ஏ நெடுவரிசைக்கு வாருங்கள். கன்ட்ரோலோடு கீழ் அம்பை அழுத்தினால் கடைசி வரியில் போய் நிற்பீர்கள். அங்கிருந்து வலது அம்பால் மீண்டும் பி நெடுவரிசைக்கு வந்து, கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்தபடி மேல் அம்பை அழுத்தினால் ஃபார்முலா உள்ள கட்டம் வரை தேர்வாகிவிடும். பிறகு கன்ட்ரோல் + டி அழுத்தினால் எல்லா வரிகளிலும் ஃபார்முலா நிரம்பிவிடும். படிக்கும்போது நீளமாகத் தெரியும் இந்த வரிசை, கை பழகியபின் மூன்று நொடிகூடப் பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை: கன்ட்ரோலும் அம்பும் சேர்ந்த இந்தப் பாய்ச்சல், நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். விடுபடல் இல்லாத நெடுவரிசையின் வழியாகவே இறங்குங்கள். முற்றிலும் காலியான நெடுவரிசையில் இறங்கினாலோ 10,48,576ஆம் வரியில், தாளின் அடிமட்டத்தில், போய் விழுவீர்கள்; பதற வேண்டாம், கன்ட்ரோல் + ஹோம் உங்களை மேலே கொண்டுவந்துவிடும்.

ஒப்பிட்டு முடித்ததும், விடைகளை ஃபார்முலா இல்லாமல் வெறும் மதிப்பாக ஒட்டிவையுங்கள்: நகலெடுத்தபின் கன்ட்ரோல் + ஆல்ட் + வி, அடுத்து வி, அடுத்து என்டர். ஆடிட்டருக்கு அனுப்பிய கோப்பில் எண்களுக்குப் பதில் பிழைக் குறிகள் தெரியும் சங்கடம் பெரும்பாலும் இந்த ஒரு படியை விட்டுவிடுவதால் வருகிறது. வடிகட்ட கன்ட்ரோல் + ஷிப்ட் + எல், கூட்டுத்தொகைக்கு ஆல்ட்டோடு சமக்குறி, இன்றைய தேதிக்குக் கன்ட்ரோலோடு அரைப்புள்ளி ஆகிய மூன்றும் தாமாகவே படிந்துவிடும். மற்றவற்றுக்கு ஆல்ட் விசையை மட்டும் அழுத்திவிட்டுப் பாருங்கள். மேலே உள்ள ஒவ்வொரு பட்டனின் மீதும் ஓர் எழுத்து தோன்றும், அதைத் தொடர்ந்து போனால் எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மடிக்கணினியாக இருந்தால் எஃப் வரிசை விசைகளுக்கு எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். வரைபடம் நகர்த்துவது, நிறம் தேர்வது போன்றவற்றுக்கு மவுஸே வசதி. அதில் வீம்பு வேண்டாம்.

தாக்கல் நெருக்கடியில் இதைப் பழகத் தொடங்காதீர்கள். 20ஆம் தேதி கழிந்த பிறகு, சென்ற மாதக் கோப்பின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தக் கன்ட்ரோல் + அம்பை மட்டும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதற்கும் முன்னால் கன்ட்ரோல் + இசட் உங்கள் விரலில் இருக்கட்டும். டேலி நினைவில் கன்ட்ரோல் + ஏ அழுத்திவிட்டு டெலீட்டையும் தொட்டுவிட்ட நாளில், அழிந்ததை அதுதான் மீட்டுத் தரும்.