மட்டக்களப்பில் இருந்துகொண்டே தொலைக்காட்சித் தொடர் எழுதுவதை முழுநேரத் தொழிலாக்க முடியுமா?

கேள்வியில் மொத்தமே மூன்று வரிதான். தொடர் நாடகம் எழுதப் பிடிக்கும், மட்டக்களப்பில் இருக்கிறேன், வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா, ஷோரன்னர், அதாவது ஒரு தொடரின் தலைமை எழுத்தாளர், ஆக எத்தனை வருடம் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். மிச்சத்தை நானே ஊகித்துக்கொள்கிறேன். பட்டதாரி. ஏதோ ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். மேசையில் வேலை குறைவு, கொப்பியில் கதை அதிகம். வீட்டில் கல்யாணப் பேச்சு. பிழையென்றால் மன்னியுங்கள். நான் அப்படித்தான் இருந்தேன், அதனால் மற்றவர்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று ஒரு நினைப்பு.

நேரடிப் பதில்: வேலையை விடாதீர்கள். இனி என் கதைக்கு வருகிறேன்.

ஊர் மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதி. 2013இல் கொழும்பிலுள்ள ஒரு தமிழ் அலைவரிசைக்காக 13 எபிசோட் எழுதினேன். கிழமைக்கு ஒன்றாக மூன்று மாதம் ஓடியது. என் சின்னத்திரை வரலாறு அவ்வளவுதான். 'பதின்மூன்று எழுதினவர் பாடம் எடுக்க வந்துவிட்டார்' என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: உண்மைதான். ஆனால் அந்தப் பதின்மூன்றுக்கு என்னுடைய ஒன்பது மாதமும் ஒரு மோட்டார் சைக்கிளும் போயிருக்கின்றன. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் இந்த ஷோரன்னர். அது அமெரிக்கக் கணக்கு. அங்கே ஒரு தொடருக்கு ஓர் அறை நிறைய எழுத்தாளர்கள். புதிதாக உள்ளே போகிறவர் ஸ்டாஃப் ரைட்டர். நின்றுபிடித்தால் ஸ்டோரி எடிட்டர். அப்புறம் பெயருக்குப் பின்னால் புரொடியூசர் என்று ஒட்டிக்கொள்ளும் படிகள் நாலைந்து. எல்லாவற்றுக்கும் மேலே இருந்து கதையையும் காசையும் சேர்த்துப் பார்க்கிறவர்தான் ஷோரன்னர். முன்பு பெரிய அலைவரிசைகளில் ஒரு சீசன் என்றால் 22 எபிசோட். ஸ்ட்ரீமிங் வந்தபிறகு அது எட்டு, பத்து என்று சுருங்கிவிட்டது. எபிசோட் குறைந்தால் சம்பளம் வருகிற கிழமைகளும் குறையும், படப்பிடிப்புப் பக்கம் போய்த் தொழில் பழகவும் வழியில்லை, பிறகு எங்கே படியேறுவது? 2023 மே 2ஆம் திகதி அங்கே எழுத்தாளர் சங்கம் வீதிக்கு இறங்கியது அதற்காகவும்தான். 148 நாள் வேலைநிறுத்தத்தில் நின்றார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதித் தருவதை எழுத்தாளரின் எழுத்தாகக் கணக்கெடுக்க முடியாது என்பதையும் ஒப்பந்தத்தில் போடவைத்தார்கள். நமக்குச் சங்கம் எங்கே, அறை எங்கே? என்னுடைய அறையில் நானும் நாலு மூட்டை நெல்லும்தான் இருந்தோம்.

சென்னை வேறு மாதிரி. கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று டைட்டிலில் ஓடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கிழமைக்கு ஐந்து ஆறு நாள் ஓடவேண்டும். அரை மணித்தியாலத்தில் விளம்பரம் போக இருபது, இருபத்திரண்டு நிமிடக் கதை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற டிஆர்பி கணக்கு வாராவாரம் வரும், விழுந்தால் கதை கிறுகும், செத்தவர் எழும்பி வருவார். உடனே 'சென்னைத் தொடர்களை இளக்காரம் பண்ணுகிறார்' என்று வரவேண்டாம். என் அம்மா அவற்றைப் பார்க்கிறா, நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். நாளைக்கும் இருபத்திரண்டு நிமிடம் வேண்டும் என்ற நெருக்கடியில் தினமும் எழுதுகிறவர்களை நான் கும்பிடுகிறேன்.

நம் நாட்டில், சிங்களத்தில் 1979இல் டி. பி. நிஹால்சிங்க முதல் டெலிட்ராமாவை (தொலைக்காட்சி நாடகத்தை) எடுத்ததிலிருந்து அது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அதில் எழுதிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழில் அப்படி வராததற்குத் திறமையில்லாதது காரணமல்ல. சென்னையில் எடுத்து முடித்த தொடரை வாங்கிப் போடுவது, இங்கே புதிதாக ஒன்றை எடுப்பதைவிட அலைவரிசைக்கு மலிவு. விளம்பரக்காரரும் ஏற்கெனவே ஆள் பார்க்கிற தொடருக்குத்தான் காசு கொடுப்பார். உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் இந்தக் கணக்கில் இருக்கிறது, எழுத்தில் இல்லை.

அதற்காக இது நாடகம் இல்லாத மண்ணா? ஷேக்ஸ்பியரை எடுத்து வைத்துத் தமிழில் நாடக இலக்கணம் பேசிய விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம். விடியவிடிய ஆடுகிற எங்கள் கூத்தை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேடைக்கு அளவாகச் சுருக்கிப் போட்டார். அதில் ஆடியவர்தான் பிறகு பேராசிரியரான மௌனகுரு. என் அம்மப்பாவும் கூத்துக்காரர். ஏடு பார்ப்பவர், அதாவது களரியில் கொப்பியை வைத்துக்கொண்டு ஆடுகிறவருக்கு அடி எடுத்துக் கொடுப்பவர். இரவு ரெண்டு மணிக்குச் சனம் அசரும் என்பது அவருக்குத் தெரியும். கூத்தில் வருகிற போர்க் காட்சியை அதற்கு முன்னால் விடமாட்டார். "சனம் பாயச் சுருட்டினா அது கூத்துக்காரண்ட பிழை மனே, சனத்திட பிழையில்ல" என்பார். பின்னாட்களில் எபிசோட் முடிவைப் பற்றி இணையத்தில் எவ்வளவோ படித்தேன், அம்மப்பா சொன்னதற்கு மேலே ஒன்றும் கிடைக்கவில்லை.

இனி ஏழாவது எபிசோட்.

எங்கள் தொடரில் அப்பாவாக நடித்தவர் ஊரில் மேசன் வேலை செய்கிறவர். நல்ல முகம், நல்ல குரல். ஏழாவதை எடுக்கப் போகிற நேரம் அவருக்குக் கட்டார் விசா வந்துவிட்டது. மூன்று நாளில் பறக்கிறார். இரவு ஒன்பதரைக்கு டைரக்டர் போன் எடுத்தான். "மச்சான், அப்பாவைச் சாகடிச்சிரு. விடிய ஆறு மணிக்கு வவுணதீவுல ஷூட்டிங்."

நான் மாட்டேன் என்றேன். கதைப் பாசத்தில் இல்லை. செத்தவீடு என்றால் பந்தல் வேண்டும், பறை வேண்டும், நாற்பது பேர் வேண்டும், அந்த நாற்பது பேருக்கும் பகல் சாப்பாடு வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு கமரா, இரண்டு லைட், பதினொரு பேருக்கான பார்சல் காசு. நடிகர் கட்டார் போனால் அப்பாவும் கட்டார் போகட்டும், அம்மாவிடம் ஒரு போனைக் கொடுத்துவிடுவோம் என்றேன். ஓர் ஆள், ஒரு போன், ஒரு லைட். நாலு நிமிடம் ஓடும். தொடர் எழுத்து என்று நான் கற்றுக்கொண்டது அந்த இரவில் போட்ட இந்தக் கணக்குத்தான். சாவைவிட போன் மலிவு.

அன்று கரண்ட் வேறு இல்லை. மெழுகுதிரி வைத்து, அலுவலகத்தில் கழித்த தாள்களின் பின்பக்கத்தில் இரண்டரைப் பக்கம் எழுதினேன். மனைவி அழுகிறாள், பிரிவைப் பேசுகிறாள், கடலை உவமை சொல்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

காலையில் அம்மாவாக நடித்த அக்கா வாசித்துப் பார்த்தா. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவ. அவவுடைய கணவர் பதினொரு வருடமாகக் கட்டாரில். தாளைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டா: "இவ்வளவும் ஆர் தம்பி போன்ல கதைக்கிற? காசு ஓடுமே."

கமரா ஓடியது. என் தாளில் இருந்த ஒரு வரியும் அவ வாயில் வரவில்லை. "ஓம்… சாப்பிட்டீங்களா… அங்க இப்ப அஞ்சரையா… இஞ்ச மழை… புள்ள படிக்கா… ஓம், வந்த, காசு வந்த… ஓம்… சரி, மறுகா எடுங்க." அவ்வளவுதான். இங்கே எட்டு மணியென்றால் அங்கே அஞ்சரை என்பது எனக்குத் தோன்றவேயில்லை, அவவுக்கு அது நாள்தோறும் பார்க்கிற கணக்கு. போனைக் கீழே வைக்கவில்லை. முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தா, ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம். டைரக்டர் கட் சொல்ல மறந்து நின்றான்.

அந்தக் காட்சி ஓடியபோது நான் வீட்டிலிருந்து பார்த்தேன். அம்மா, மாமி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். கடைசி வரியில் வேறொரு பெண்ணின் குரல் வந்தது: "சரிங்க, அப்புறம் கூப்பிடுங்க."

'மறுகா' என்றால் எங்கள் பக்கத்தில் பிறகு. அது யாருக்கும் விளங்காது என்று அலைவரிசையில் முடிவெடுத்து, கொழும்பிலேயே ஒருவரை வைத்து டப்பிங் செய்திருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் கூப்பிடுவதென்றால் வேலியடியில் நின்று கூப்பிடுவது. போன் என்றால் எடுக்கவேண்டும். சென்னைத் தொடரில் வருகிற 'அப்பாலிக்கா'வும் 'ஏண்டி'யும் கல்முனையில் இருக்கிற கிழவிக்கு விளங்கும், ஆனால் மட்டக்களப்புப் பெண் சொல்லுகிற 'மறுகா' கொழும்புக்கு விளங்காது. அந்த அக்கா தன் வீட்டில் முழு ஒழுங்கையையும் கூட்டி வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறா. அடுத்த நாள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "தம்பி, அது ஆர்ட குரல்?"

இதை மொழி வெறி என்று எடுக்கவேண்டாம். பொதுவாக எல்லாருக்கும் விளங்குகிற தமிழ் ஒன்று வேண்டும் என்கிற வாதம் எனக்கும் தெரியும். பாருங்கள், நானே மேலே ஓரிடத்தில் 'அப்புறம்' எழுதியிருக்கிறேன், அது எப்படி வந்தது என்றே தெரியவில்லை. நான் சொல்வது, அந்த ஒரு வரி அந்த ஒரு பெண்ணுடையது என்பதைத்தான்.

காசு விஷயம். எபிசோடுக்கு 4,500 ரூபா என்று பேச்சு. வாய்ப் பேச்சு. முதல் ஐந்துக்கு 22,500 வந்தது. மீதி எட்டுக்கு 36,000 "ஸ்பொன்சர் காசு வரட்டும் அண்ணே" என்ற நிலையில் இன்றுவரை நிற்கிறது. இதற்காக மூன்று தடவை இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் வந்தேன். ரயில் காசு, சாப்பாடு, அதற்கு முன்னால் லொக்கேஷன் பார்க்க அடித்த பெற்றோல் எல்லாம் சேர்ந்து மோட்டார் சைக்கிளை விற்கும்படி ஆயிற்று. யார் எவர் என்று சொல்லமாட்டேன், கேட்கவும் வேண்டாம். கையெழுத்து வாங்காதது என் பிழை.

காசு கிடைக்காதது கூடப் பரவாயில்லை என்று நினைக்கவைத்த இன்னொரு சம்பவம் இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். தமிழ் மொழித் தினப் போட்டி வருகிற காலத்தில் என் வீட்டு வாசலில் ஆசிரியர்கள் வரிசையில் நிற்பார்கள். "அண்ணன், நாளைக்கு வலய மட்டம், ஒரு நாடகம் எழுதித் தாங்களேன்." எழுதிக் கொடுத்தேன். அந்த நாடகம் வலயத்தில் முதலாமிடம், மாகாணத்தில் இரண்டாமிடம். பரிசளிப்பு மலரைப் புரட்டிப் பார்த்தால் 'எழுத்துரு' என்ற இடத்தில் வேறு பெயர். கேட்டதற்கு, "அண்ணன், நீங்க டிவிக்கெல்லாம் எழுதுறவர், இதுக்குப் போய்க் கவலைப்படலாமா" என்றார்கள். அடுத்த மாதம் அதே ஆட்கள் ஒரு விழாவில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டில் இப்போது பதினாலு பொன்னாடை இருக்கிறது. ஒன்று கதிரைக்கு உறை.

சரி, உங்களுக்கு வருகிறேன். இன்னும் எழுதத்தான் போகிறீர்கள் என்றால், 'நல்ல கதை இருக்கிறது' என்று யாரிடமும் போகாதீர்கள். கதை எல்லாரிடமும் இருக்கிறது. மூன்று எபிசோடை முழுசாக எழுதுங்கள், ஒவ்வொன்றும் இருபத்திரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். நாலு இடத்துக்கு மேல் கமரா நகரக்கூடாது, அதில் ஒன்று உங்கள் வீடாக இருக்கட்டும். எந்தப் பாத்திரமும் நாளைக்குக் கட்டார் போய்விட்டால் கதை எப்படி நிற்கும் என்பதை இப்போதே யோசித்து வையுங்கள். வசனத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், முடிந்தால் இடியப்பம் அவிக்கிற ஒருவருக்கு. வேலை நிரந்தரமாக இருக்கட்டும். சனி ஞாயிறு இருக்கிறது, இரவு இருக்கிறது. யூடியூபில் நாமே எடுத்துப் போடலாம் என்பது 2013இல் எனக்குத் தைரியம் வராத விஷயம், உங்களுக்கு வரலாம். அங்கே டப்பிங் செய்து மாற்றவும் ஆளில்லை. காசும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாராவது எழுதச் சொல்லிக் கேட்டால் எத்தனை எபிசோட், எவ்வளவு, எப்போது, யார் மாற்றலாம் என்ற நாலையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மச்சானாக இருந்தாலும். குறிப்பாக மச்சானாக இருந்தால்.

அந்த மூன்று எபிசோடும் முடிந்தால் எனக்கு அனுப்புங்கள், காசு கேட்கமாட்டேன், வாசித்துச் சொல்லுகிறேன். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அனுப்புங்கள். அதற்கு முன்னால் அம்மாவுடைய சீரியல் ஓடும், நானும் பார்த்துக்கொண்டிருப்பேன்.