மகனுக்குத் தெரிய வேண்டாமாம்

கேள்வி: அக்கா, நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். வயது 39. ஏர்கோன் பொருத்தும் வேலை. நான் நான்காம் ஆண்டு படிக்கும்போது எங்கள் குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியே வந்தது. அந்த வருஷம்தான் அப்பா தன் டட்சன் 120ஒய் காரை விற்றார். அதே மாதிரி ஒன்று வாங்கி, நானே பிரித்துப் பூட்டி ஓட்ட வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. நிபோங் திபால் பக்கம் ஒன்று இருப்பதாக நண்பர் சொன்னார். 1976-இல் எடுத்த கார். ஒரே ஆள் கையில் இருந்தது. பதினோரு வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறது. கார்க்காரர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் மனைவிக்கு 74 வயது, தனியாக இருக்கிறார். போனில் நன்றாகப் பேசினார். பினாங்குப் பாலம் கட்டுவதற்கு முன்னால் இந்தக் காரை ஃபெரியில் ஏற்றித் தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்குப் போனது, ஃபெரி ஆட்டத்தில் மகன் பின்சீட்டில் வாந்தி எடுத்தது எல்லாம் சொன்னார். 3,000 வெள்ளிதான் (ரிங்கிட்) கேட்கிறார். இதைவிட மோசமான காருக்கே மற்றவர்கள் மூன்று மடங்கு கேட்கிறார்கள். 300 வெள்ளி முன்பணம் அனுப்பிவிட்டேன். கிராண்ட் (காரின் பதிவுப் பத்திரம்) இன்னும் இறந்தவர் பெயரில் இருக்கிறது. ஜொகூரில் இருக்கும் மகனுக்குத் தெரிய வேண்டாம் என்கிறார், அதனால் சனிக்கிழமை இரவு போய் எடுத்துவரலாம் என்று இருக்கிறேன். லாரிக்காரர் 1,800 கேட்கிறார். பேட்டரியும் டயரும் மாற்றி ஓட்டியே வரலாம் என்கிறார் போமன் (மெக்கானிக்) நண்பர். என் மனைவி இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓட்டி வரலாமா, லாரியில் ஏற்றலாமா? மனைவியை எப்படிச் சமாதானப்படுத்துவது?

பதில்: தம்பி, பழைய காருக்கு ஆசைப்படும் கணவர், கோபித்துக்கொண்டிருக்கும் மனைவி என்று எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. ஆசைப்படுவதில் தப்பில்லை, பேசினால் மனைவி புரிந்துகொள்வார் என்று நான் ஆரம்பிப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். அதை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அரை வரிதான். "மகனுக்குத் தெரிய வேண்டாம் என்கிறார்." அடுத்த வார்த்தையே "அதனால் சனிக்கிழமை இரவு". எவ்வளவு சுலபமாக அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்!

74 வயதில் ஒரு தாய் பெற்ற மகனிடம் ஒன்றை மறைக்கிறார். ஏன் என்று கேட்டீர்களா? தரைத் தகடு துருப்பிடித்திருக்கிறதா, பானட்டுக்குள் எலி புகுந்து வயரைக் கடித்திருக்கிறதா, இஞ்சின் பழைய இஞ்சின்தானா என்றெல்லாம் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். இதைக் கேட்கவில்லை. கேட்டால் கார் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம்.

எனக்குத் தெரிந்து இதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, அந்த அம்மாவுக்குப் பணமுடை, மகனிடம் கேட்க வாய் வரவில்லை. "அவனே கஷ்டப்படுறான், நான் வேறயா" என்று மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிற தாய்மார்களை எனக்குத் தெரியும். அப்படி ஒரு நிலைமைக்குத் தாயை விட்டுவைத்த மகன் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர் கடமை தவறினார் என்பதற்காக அந்தச் சந்தில் புகுந்து குறைந்த விலைக்குக் காரைத் தள்ளிக்கொண்டு போக உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கு என்று நீங்களே எழுதுகிறீர்கள். அந்த அம்மாவுக்கு விலை தெரியவில்லை, உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு வியாபாரம் என்று நான் பெயர் வைக்க மாட்டேன்.

இன்னொரு காரணம், மகன் அந்தக் காரை விற்கக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். தம்பி, ஃபெரியில் வாந்தி எடுத்த பையன் யார்? அந்த ஜொகூர் மகன்தானே! பாலம் 1985-இல் திறந்தது. அதற்கு முன்னால் பின்சீட்டில் உட்கார்ந்து போன பையனுக்கு இப்போது ஐம்பதை ஒட்டி வயது இருக்கும். அந்தக் கார் அவர் அப்பாவின் கார். உங்கள் அப்பா காரை விற்றபோது நான்காம் ஆண்டு படித்த உங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பது வருஷம் ஆகியும் அது ஆறவில்லை, அதே மாதிரிக் காரைத் தேடி முந்நூறு கிலோமீட்டர் போகிறீர்கள். நீங்கள் பட்டதையே இன்னொருவர் படும்படி செய்துவிட்டு அந்தக் காரின் ஸ்டீரிங்கை எப்படிப் பிடிப்பீர்கள்?

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. கணவர் கார் என்பதாலேயே மனைவி அதை விற்றுவிட முடியாது. முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படிதான் பிரியும். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லை, மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் நீங்கள் வாங்கப்போகும் காரில் பெரிய பங்கு யாருடையது என்று கணக்குப் போடுங்கள். பெயர் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு (ஜேபிஜே) போனால் முதலில் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரக் கடிதத்தைக் கேட்பார்கள். அரசாங்க அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவிடமோ நீதிமன்றத்திடமோ அதை வாங்க வேண்டும், இறந்தவருக்கு நிலமும் இருந்தால் நில அலுவலகம் வழியாகவும் வாங்கலாம். எங்கே போனாலும் வாரிசுகள் யார் யார் என்பதுதான் முதல் கேள்வி. மகனுக்குத் தெரியாமல் ஒரு விண்ணப்பப் பாரம்கூட நகராது. அதற்கப்புறம்தான் வாகனப் பரிசோதனைக்குப் புஸ்பாகோம். சேசிஸ் நம்பரும் இஞ்சின் நம்பரும் கிராண்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று அங்கே பார்ப்பார்கள்.

இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் நண்பர் சொல்லுவார். அந்தப் "பிறகு" என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன். என் அத்தை தெலுக் இந்தானில் இருந்தார். மாமா இறந்த மூன்றாம் மாதம் ஒருவர் வந்து மாமாவின் வேனை 1,500 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனார். பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றவர் திரும்பி வரவே இல்லை. ஆறு மாதம் கழித்து அபராதச் சமன் வர ஆரம்பித்தது. வேகமாக ஓட்டியதற்கு ஒன்று, கண்ட இடத்தில் நிறுத்தியதற்கு இன்னொன்று. எல்லாம் மாமா பெயரில். அத்தைக்கு மலாய் வாசிக்கத் தெரியாது, ஆனால் உறைமேல் இருக்கும் மாமா பெயரை மட்டும் கண்டுபிடிப்பார். "மாமாவுக்கு ஏதோ காயிதம் வந்திருக்கு, பாரேன்" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் எடுத்துக்கொண்டு ஓடுவார். இரண்டு வருஷம் இது நடந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் படித்துச் சொன்ன பிறகு, அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுவார். நிபோங் திபால் அம்மாவின் வீட்டுக்கு அப்படி ஒரு உறை உங்களால் போகக் கூடாது.

சரி, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் கிள்ளானில் வொர்க்‌ஷாப் வைத்திருந்தவர். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியதும், "பேட்டரி, டயரா? பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே" என்றார். பிரேக் எண்ணெய் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். பதினோரு வருஷத்தில் அந்த ஈரம் வீல் சிலிண்டரை உள்ளே இருந்தே துருப்பிடிக்க வைத்திருக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே நல்ல மாதிரி தெரியும், வெடிப்பது ஓங்கி மிதிக்கும்போதுதான். பின் டிரம்மில் பிரேக் கட்டை ஒட்டிக்கொண்டு சக்கரமே சுற்றாமலும் இருக்கலாம். தொட்டியில் பழைய பெட்ரோல் பிசினாகி இருக்கும், அதன்மேல் புதுப் பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் பிசினும் துருவும் கார்புரேட்டரில் போய் அடைக்கும். இந்த வண்டியில் கோலகங்சார் தாண்டி, மெனோரா சுரங்கம் ஏறி, ஜெலப்பாங் இறக்கத்தில் ராத்திரி நேரத்தில் இறங்குவதா? பெரிய லாரிகளே பிரேக் பிடிக்காமல் தவித்த இறக்கம் அது. ரோட் டாக்ஸும் இன்சூரன்ஸும் இல்லாமல் சாலையில் ஓட்டுவது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். யாரையாவது இடித்துவிட்டால் நஷ்ட ஈடு கட்ட உங்கள் பின்னால் எந்தக் கம்பெனியும் நிற்காது, உங்கள் மனைவிதான் நிற்பார். லாரிதான், தம்பி. மேடையில் வின்ச் போட்டு இழுத்து ஏற்றும் லாரி. 1,800 கொடுக்க முடியாவிட்டால் அந்தக் காரை வாங்கும் நிலையில் நீங்கள் இல்லை என்று அர்த்தம். தகரம் வெட்டி ஒட்டும் வேலை, பெயிண்ட், சாமான் என்று இனிமேல் வரப்போகும் செலவுக்கு முன்னால் அது சின்னக் காசு.

உங்கள் மனைவி என்ன சொல்லிக் கோபித்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. முகம் கொடுத்துப் பேசவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மகனுக்குத் தெரியாமல், ராத்திரியில், இறந்தவர் பெயரில் இருக்கும் கார் என்று அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவர் பேசாமல் இருப்பதில் ஆச்சரியமே இல்லை. சொல்லவில்லை என்றால், அங்கே ஒரு அம்மா மகனிடம் மறைப்பதைத்தான் நீங்களும் உங்கள் வீட்டில் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இந்தச் சனிக்கிழமை லாரி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு வெளிச்சத்தில் போங்கள். அந்த அம்மாவோடு அவரை உட்காரவிட்டு, நீங்கள் கொட்டகைப் பக்கம் போய்விடுங்கள். ஏன் மறைக்கிறார் என்பதை உங்களிடம் சொல்ல மாட்டார், இன்னொரு பெண்ணிடம் சொல்லுவார். அவருக்குத் தெரியாமல் மகனுக்குப் போன் போடும் வேலையும் வேண்டாம், அது அவர் உங்கள்மேல் வைத்த நம்பிக்கையை உடைப்பது. மகன் கையெழுத்து இல்லாமல் பெயர் மாறாது என்பதை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். "நீங்களே சொல்லுங்கம்மா, நாங்க பக்கத்துல இருக்கோம்" என்று சொல்லுங்கள். பணக் கஷ்டம்தான் காரணம் என்றால், சமூக நல இலாகா ஆதரவில்லாத முதியோருக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது, அந்தப் பாரத்தை உங்கள் மனைவி உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கட்டும். விவரம் தெரிந்த பிறகும் மகன் சம்மதித்து விற்றால், நியாயமான விலையை நீங்களே சொல்லி, இருவர் முன்னிலையிலும் கொடுத்து வாங்குங்கள். அமானா ராயா வேலை முடிய மாதக்கணக்காகும். பதினோரு வருஷம் நின்ற கார் இன்னும் கொஞ்சம் நிற்கும்.

மகன் கொடுக்க மாட்டேன் என்று சொன்னால், கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள். அந்த 300 வெள்ளியைத் திரும்பக் கேட்காதீர்கள். அது இந்நேரம் மருந்துக் கடைக்குப் போயிருக்கும்.